உடலே உரைகல்

நம் நாட்டு யோக நூலார், ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நாளில் மனிதன் 21,600 முறை மூச்சு விடுகின்றான் என்று கணக்கிட்டு வைத்தனர். நிமிடத்திற்கு 15 மூச்சு என்னும் அளவில் எழுந்த கணக்கு இது. அமைதியாக அமர்ந்திருப்பவனுக்கு இது பொருந்தும். நெல் மூட்டையைத் தலையிற் சுமந்து நடப்பவனுக்கும் மலை ஏறுபவனுக்கும் பொருந்துமா? பொருந்தாது. அவர்களுடைய மூச்சு விரைகின்றது, ஆழ்கின்றது, வேலை முடிந்து சற்றே இளைப்பாறியதும் தானே பழைய நிலைக்கு மீள்கின்றது. இதனை நாம் ஏவுவதில்லை. நாம் உறங்கும்போதும் இவ்வேலை நடைபெறுகின்றது. உடலுக்குள் அமர்ந்து மூச்சைக் கூட்டியும் குறைத்தும் ஆள்வது யாது? நிலத்தின் அடியிலும், நீரின் ஆழத்திலும், மலையின் உச்சியிலும் அந்த ஆட்சி எதுவரை செல்லும்? எவ்விடத்தில் முறியும்? இவ்வினாக்களுக்கு விடை தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர். அத்தேட்டத்திற்கு அவர் கைக்கொண்ட முதற்கருவி தம் உடலே ஆகும்.

ஹால்டேன் 1860-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். பழமையும் செல்வாக்கும் வாய்ந்த குடி அவருடையது. அக்குடியினரின் இலச்சினையில் ஒரே ஒரு சொல் பொறிக்கப்பட்டிருந்தது. துன்பத்தைப் பொறுத்துக்கொள் என்பது அதன் பொருள். அவருடைய தமையனார் ரிச்சர்டு, பின்னாளில் இங்கிலாந்து அரசில் போர் அமைச்சராகவும், நீதித்துறையின் தலைமைப் பதவியாகிய லார்டு சான்சலர் பதவியிலும் விளங்கியவர். தாய்மாமனார் பர்டன் சாண்டர்சன், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் உடலியற் பேராசிரியர். ஹால்டேன் எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1884-இல் பட்டம் பெற்றார். ஆயினும் நோயாளர் வரவை நோக்கி அமர்ந்திருக்கும் வாழ்வை அவர் விரும்பவில்லை. நோய்க்கு முன்னே நிற்கும் காரணத்தை அறிய விழைந்தார்.

அவர் முதலில் ஆராய்ந்த பொருள் காற்று. டண்டீ நகரத்துக் கல்லூரியில் உதவியாசிரியராக இருந்த காலத்தில், பேராசிரியர் கார்னலியுடன் சேர்ந்து, நள்ளிரவுக்குப் பின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் செல்வார். ஓர் அறையே வீடாகக் கொண்டு, பலர் நெருங்கிப் படுத்து உறங்கும் இடங்கள் அவை. அங்குள்ள காற்றைப் புட்டிகளில் அடைத்து வந்து ஆய்வர். ஓர் அறை வீடு, ஈரறை வீடு, பெரிய வீடு, பள்ளிக்கூடம் என ஒவ்வொன்றின் காற்றையும் ஒப்பிட்டு 1887-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தின் சுவர்களுக்குள் அடங்கி நில்லாமல், துன்பம் எங்கே உண்டோ அங்கே நேரிற் சென்று அளந்து பார்ப்பது அவருக்கு அந்நாளிலேயே இயல்பாயிற்று. சாக்கடைக் குழாய்களுக்குள்ளும் அவர் இறங்கியதுண்டு. நாற்றம் மிக்க அக்காற்றில், மக்கள் அஞ்சிய அளவுக்கு நோய்க் கிருமிகள் இல்லை என்பதைக் கண்டு கூறினார்.

1887-இல் மாமனாரின் துறையிற் பணியாற்ற ஆக்ஸ்போர்டு சென்றார். 1891-இல் லூயிசா கேத்லீன் என்னும் நங்கையை மணந்தார். அக்காலத்து அறிஞர் சிலர், மனிதன் வெளிவிடும் மூச்சில் இனம் தெரியாத நஞ்சு ஒன்று கலந்துள்ளது என்றும், அடைத்த அறையில் தோன்றும் மயக்கத்திற்கு அதுவே காரணம் என்றும் நம்பினர். இதனைச் சோதிக்க ஹால்டேன் காற்றுப் புகாத பெட்டி போன்ற சிற்றறை ஒன்றை அமைத்தார். லொரைன் ஸ்மித் என்னும் நண்பருடன் அவ்வறைக்குள் தாமே புகுந்து அமர்ந்தார். நேரம் செல்லச் செல்ல மூச்சு இரைத்தது, தலை வலித்தது. இடையிடையே உள்ளிருக்கும் காற்றை எடுத்து அளந்தனர். கரியமிலவாயு பெருகியதும் உயிர்வளி குறைந்ததுமே அத்துன்பத்திற்குக் காரணங்கள். மறைந்து நின்று கொல்லும் வேறு நஞ்சு எதுவும் இல்லை என்பது தெளிவாயிற்று.

இனி அவரைச் சுரங்கத்தில் காண்போம். அவருடைய புகழ் முளைத்த நிலம் அதுவே.

நிலக்கரிச் சுரங்கங்களில் அடிக்கடி வெடி விபத்து நேரும். மீத்தேன் வாயு தீப்பற்றும். அதனால் எழும்பிய கரித்தூளும் பற்றி எரியும். நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் மாண்டதும் உண்டு. வெடியின் வேகத்தாலும் நெருப்பாலும் அவர்கள் இறந்தனர் என்றே யாவரும் எண்ணியிருந்தனர். 1896-ஆம் ஆண்டு சனவரி மாதம் 27-ஆம் நாள், வேல்ஸ் நாட்டு ரோண்டாப் பள்ளத்தாக்கில் உள்ள டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்தது. 57 பேர் மாண்டனர். செய்தி அறிந்து ஹால்டேன் அங்கே விரைந்தார். இறந்தோர் உடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பலருடைய மேனியில் கொடிய காயம் எதுவும் இல்லை. முகம் வெளுத்திருக்க வேண்டிய பிணங்களின் தோல் உயிருள்ளார் தோல் போலச் சிவந்திருந்தது. அவர்தம் குருதியும் செக்கச்செவேலென்று இருந்தது.

அந்நிறத்தின் பொருளை உலகில் அன்று அவரைப்போல் அறிந்தவர் இலர். ஏனெனில், அதற்கு முந்திய ஆண்டில்தான் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைத் தம் ஆய்வுக்கூடத்தில் அவர் தாமே மூச்சாக உட்கொண்டு பார்த்திருந்தார். இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையை உறுத்துவதும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செம்பொருள், உயிர்வளியைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக இதனைப் பற்றிக்கொள்ளும். பற்றிய ஹீமோகுளோபின் உயிர்வளியைச் சுமக்க இயலாது. ஹால்டேன் ஒவ்வொரு முறையும் அளவை உயர்த்திக்கொண்டே சென்று, தம் குருதியின் பாதிக்கு மேற்பட்ட பகுதி இந்நஞ்சினால் நிரம்பும்வரை மூச்சிழுத்தார். கால் தள்ளாடியது, கண் மங்கியது, எழுதிய குறிப்பில் எழுத்துத் தடுமாறியது. ஆயினும் இத்தனையாவது நிமிடத்தில் இத்தனைக் கேடு என்பதைக் குறித்துக்கொண்டே இருந்தார். அங்ஙனம் குறித்த குறிப்பே டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் அவருக்கு விளக்காயிற்று. இறந்தோரிற் பெரும்பாலோரைக் கொன்றது வெடி அன்று. வெடித்த பின்னர்ச் சுரங்க வழிகளில் பரவிய கார்பன் மோனாக்சைடே என்று அவ்வாண்டிலேயே அரசுக்கு அறிக்கை அளித்தார்.

காரணம் தெரிந்தது, காப்பு வேண்டுமே? கண்ணுக்குத் தெரியாத பகையை முன்னறிவிக்கும் காவலன் யார்? சிற்றுயிர்களே என்றார் ஹால்டேன். உடல் சிறிதாக இருக்குமளவு அதன் உள்ளே எரியும் வாழ்க்கைத் தீ விரைவானது. சுண்டெலியும் சிறு பறவையும் தம் எடைக்கு மனிதனைவிடப் பன்மடங்கு காற்றை வாங்கி விடுகின்றன. ஆகவே மனிதன் தள்ளாடுவதற்கு நெடுநேரம் முன்னரே அவை தள்ளாடும். சுண்டெலி சுருண்டு கிடந்தால் சோர்வோ உறக்கமோ என்று ஐயம் எழும். கானரிப் பறவையோ கொம்பிலிருந்து கீழே விழுந்து காட்டிவிடும். ஆதலால் பறவையே பெரிதும் வழக்கிற்கு வந்தது. மயங்கிய பறவையை உயிர்ப்பிக்கச் சிறிய உயிர்வளிக் கலம் பொருத்திய கூடுகளும் பின்னர்ச் செய்யப்பட்டன. பிரிட்டனின் சுரங்கங்களில் 1986-ஆம் ஆண்டில் மின்னணுக் கருவிகள் இடம் பெறும்வரை, தொழிலாளரோடு கானரிப் பறவைகளும் நிலத்தடிக்கு இறங்கி ஏறின.

தம் மகனையும் அவர் சிறுவயதிலேயே சுரங்கத்திற்கு அழைத்துச் சென்றார். மேற்கூரை தாழ்ந்த ஓரிடத்தில் அவனை நிமிர்ந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு நீண்ட பேச்சை மனப்பாடமாகச் சொல்லப் பணித்தார். சில வரிகள் சொல்வதற்குள் சிறுவனுக்கு மூச்சு முட்டியது. கால் துவண்டு தரையில் விழுந்தான். தரையில் கிடந்தபோது மூச்சு எளிதாக வந்தது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே தங்கும், கீழே நல்ல காற்று இருக்கும் என்ற பாடம் அவனுக்கு வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. மகனை இவ்வாறு சோதனைக்கு உள்ளாக்கலாமா என்று கேட்போர் உண்டு. நானும் அவ்வினாவைத் தள்ளிவிட மாட்டேன். ஆயின், தாம் செல்லாத இடத்திற்கு மகனை அவர் அனுப்பவில்லை என்பதையும், அச்சிறுவன் வளர்ந்து தந்தையின் வழியையே விரும்பி மேற்கொண்டான் என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

மூச்சை ஆள்வது யாது என்ற தொடக்க வினாவுக்கு 1905-இல் விடை கிடைத்தது. பிரீஸ்ட்லி என்பவரோடு சேர்ந்து, நுரையீரலின் ஆழத்திலுள்ள சிற்றறைகளின் காற்றை எடுத்து அளக்கும் எளிய முறை ஒன்றை ஹால்டேன் கண்டார். நீண்ட குழாய் ஒன்றினுள் மூச்சை முற்ற வெளிவிட்டு, இறுதியில் வரும் காற்றை மட்டும் பிடித்து ஆய்வதே அம்முறை. ஸ்காட்லாந்தின் உயர்ந்த சிகரமாகிய பென் நெவிஸ் மலையிலும், கார்ன்வால் நாட்டு டால்கோத் சுரங்கத்தின் அடியிலும், அழுத்தக் கூண்டிலும் இவ்வாறு அளந்தனர். எங்கும் சிற்றறைக் காற்றில் கரியமிலவாயுவின் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது. அவ்வழுத்தம் ஒரு காற்று மண்டல அழுத்தத்தின் 0.2 விழுக்காடு உயர்ந்தாலே போதும். இளைப்பாறி இருப்பவனுடைய மூச்சு இரு மடங்காகிவிடும். உயிர்வளி வேண்டித்தான் மூச்சு விரைகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில், உடல் உழைப்பால் உண்டாகும் கரியமிலவாயுவை வெளியேற்றவே மூளை மூச்சை முடுக்குகின்றது.

இக்கண்டுபிடிப்பிலிருந்து ஓர் அச்சந்தரும் உண்மையும் பிறந்தது. கரியமிலவாயு பெருகினால் உடல் கூக்குரலிடும்; உயிர்வளி குறைந்தாலோ பெரும்பாலும் வாய் திறவாது. மிக உயரத்தில் பறப்பவன் தான் நலமாக இருப்பதாகவே எண்ணிக்கொண்டு அறிவிழப்பான். குளத்தில் நெடுநேரம் மூழ்கியிருக்க விரும்பி, முன்னதாகப் பலமுறை வேகமாக மூச்சு வாங்கிவிட்டு இறங்கும் சிறுவர்களுக்கும் இதே இடர் உண்டு. கரியமிலவாயுவை முன்பே வெளியேற்றிவிடுவதால், மேலே வா என்று அழைக்கும் உணர்வு எழுமுன் மயக்கம் வந்துவிடும்.

அதே 1905-இல் வெப்பத்தைப் பற்றியும் அவர் ஆராய்ந்து எழுதினார். 1774-இல் சார்ல்ஸ் பிளாக்டன் என்னும் ஆங்கிலேயரும் அவர் தோழரும் நீர் கொதிக்கும் வெப்பத்தை விஞ்சிய உலர்ந்த அறைக்குள் சில நிமிடம் இருந்து நலமாக வெளிவந்தனர். அவர்களோடு உள்ளே வைத்த இறைச்சி வெந்துபோயிற்று. அவர்களைக் காத்தது வியர்வை. வியர்வை பெருகுவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிக்கிருந்தால் ஆவியாக இடமில்லை. ஆகவே வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் ஈரக்குமிழ் அளவே மனிதனுக்கு உரிய அளவு என்று ஹால்டேன் நிறுவினார். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அவ்வளவு ஏறத்தாழ 25.5 பாகை சென்டிகிரேடைக் கடந்தால் தொடர்ந்து கடுமையாக உழைக்க இயலாது. 31 பாகையைக் கடந்தால் சும்மா இருப்பவனுடைய உடல் வெப்பமும் ஏறத் தொடங்கும். வெப்பமிகு சுரங்கங்களில் தாமே இருந்து, தம் உடல் வெப்பத்தை அளந்து அவர் கண்ட எண்கள் இவை. 2022-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இளைஞர்களை வைத்துப் புதிய கருவிகளால் அளந்தபோதும், ஈரம் மிக்க வெப்பத்தில் 31 பாகையை ஒட்டியே எல்லை நின்றது. கடற்கரை ஊர்களில் சித்திரை வைகாசி மாதங்களில், வெப்பம் அத்துணை மிகாத நாளிலும் உடல் தவிப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

பின்னர் அவர் நோக்கம் கடலின்பால் திரும்பியது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு காற்று மண்டலத்தின் அழுத்தம் கூடும். தலைக்கவசமும் இரப்பர் உடையும் அணிந்து இறங்கும் முழுக்காளிகளுக்கு மேலிருந்து காற்றை அழுத்தி அனுப்புவர். கீழே இருக்கும்வரை பெரும்பாலும் கேடில்லை. மேலே வந்த பின்னரே துன்பம் தொடங்கும். மூட்டுகளில் பொறுக்கவொண்ணா வலி, சிலருக்குக் கால்கள் செயலற்றுப் போதல், சிலருக்குச் சாவு. ஆற்றின் அடியில் பாலத் தூண் அமைக்கும் தொழிலாளரையும் இந்நோய் வருத்திற்று. இதன் காரணத்தைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878-இலேயே விளக்கியிருந்தார். ஆழத்தில் அழுத்தம் மிக்க காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகின்றது. விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரைப்பதுபோல், கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி நரம்பையும் குருதிக் குழாயையும் அடைக்கின்றது. மெதுவாக மேலேறுக என்பதே பெர்ட்டின் அறிவுரை. எவ்வளவு மெதுவாக? அதற்கு ஒருவரிடமும் திட்டமான விடை இல்லை.

பிரிட்டிஷ் கடற்படை 1905-இல் அமைத்த குழுவில் ஹால்டேன் இடம் பெற்றார். முதலில், முழுக்காளிகள் ஆழத்தில் சோர்ந்து போவதற்குக் காரணம் தலைக்கவசத்துள் தேங்கும் கரியமிலவாயுவே என்று கண்டு, ஆழத்திற்கேற்பக் காற்றின் அளவைப் பெருக்கச் செய்தார். பின்பு, 10 மீட்டர் ஆழத்தில் எத்துணை நேரம் இருந்தவரும் உடனே மேலே வந்தாலும் நோயுறுவதில்லை என்னும் செய்தியைப் பற்றி ஆழ்ந்து எண்ணினார். அங்கே அழுத்தம் இரண்டு, மேலே ஒன்று. அப்படியானால், நான்கிலிருந்து இரண்டுக்கும், ஆறிலிருந்து மூன்றுக்கும் உடனே வரலாம் அன்றோ? பாதியாகக் குறைவதை உடல் தாங்கும் என்பதே அவர் கொண்ட கருத்து. இதனை லண்டன் லிஸ்டர் நிலையத்தில் இருந்த பெரிய இரும்புக் கூண்டில் ஆடுகளை அடைத்துச் சோதித்தார். வலியுற்ற ஆடு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். வாயில்லா உயிரின் நோய் அவ்வாறு புலப்பட்டது. சில ஆடுகள் இறந்தன. மனிதர் உயிரைக் காக்க இவ்விலை கொடுக்கப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

உடலின் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை. குருதியோட்டம் மிக்க உறுப்பு விரைந்து ஏற்கும், கொழுப்புத் தாமதமாக ஏற்கும். இதனையும் கணக்கிற்கொண்டு, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவன் எவ்வெவ்விடத்தில் எத்தனை நிமிடம் தங்கித் தங்கி மேலேற வேண்டும் என்று அட்டவணை வகுத்தார். 1906-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டிரைவன் கடற்கழியில் டாமண்ட் என்னும் கடற்படை அதிகாரியும் காட்டோ என்னும் வீரரும் அம்முறைப்படி 210 அடி ஆழம் இறங்கி, யாதொரு கேடுமின்றி மீண்டனர். 13 வயதே ஆன ஹால்டேனின் மகனும் அப்போது கடலில் இறக்கப்பட்டான். பெரியவர் உடை அவனுக்குப் பொருந்தாமல், மணிக்கட்டு வழியே நீர் உள்ளே புகத் தொடங்கியும் அவன் கலங்கவில்லை. பாய்காட், டாமண்ட், ஹால்டேன் மூவரும் சேர்ந்து 1908-இல் இவ்வாய்வை வெளியிட்டனர். அதன் பயனைப் பின்வரும் நிகழ்ச்சியால் அறியலாம். 1917-இல் அயர்லாந்தின் வடகரையை அடுத்து லாரண்டிக் என்னும் கப்பல் 3,211 பொற்கட்டிகளுடன் மூழ்கியது. டாமண்ட் தலைமையில் முழுக்காளிகள் 1924 வரை, ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில், ஆயிரக்கணக்கான முறை இறங்கி 3,186 கட்டிகளை மீட்டனர். ஓர் உயிர்கூட இழக்கப்படவில்லை. இன்று முழுக்காளிகள் கையில் அணியும் சிறு கணிப்பொறிகளிலும் ஹால்டேனின் கணக்குமுறையே திருந்திய வடிவில் அடிப்படையாக நிற்கின்றது.

இத்துணைக் கூர்மையான அறிஞர் இல்லத்தில் மறதிக்குப் பேர் போனவர். ஒருநாள் மாலை விருந்தினர் வந்திருக்க, உடை மாற்றி வருமாறு துணைவியார் மாடிக்கு அனுப்பினாராம். நெடுநேரமாகியும் வரக் காணாது சென்று பார்த்தபோது, அவர் படுக்கையில் உறங்கிக்கொண்டிருந்தாராம். உடையைக் களையக் கண்டதும், இது படுக்கும் வேளை போலும் என்று முடிவு செய்துவிட்டார் என்பர்.

1911-இல், 51-ஆம் வயதில், அவர் மலையேறினார். அமெரிக்க நாட்டுக் கொலராடோ மாநிலத்திலுள்ள பைக்ஸ் சிகரம் 14,110 அடி உயரமுடையது. உச்சிவரை இரயில் செல்லும். அங்குத் தங்குவதற்கு வீடும் இருந்தது. டக்ளஸ், ஹெண்டர்சன், ஷ்னைடர் என்னும் மூவருடன் ஹால்டேன் அங்கே ஐந்து வாரம் தங்கினார். இரயிலில் வந்திறங்கும் பயணிகள் உதடு நீலம் பூத்து, வாந்தியெடுத்து, மயங்கிச் சாய்வதை நாள்தோறும் கண்டனர். இவர்களும் தொடக்கத்தில் அவ்வாறே துன்புற்றனர். சில நாளில் தெளிந்தனர். என்ன மாறியது? மூச்சு ஆழமாகியது; சிற்றறைகளில் கரியமிலவாயு குறைந்து உயிர்வளிக்கு இடம் தந்தது; வாரங்கள் செல்லச் செல்லக் குருதியில் ஹீமோகுளோபின் பெருகியது. உடல் தன்னைப் புதிய நாட்டுக்குக் குடியேற்றிக்கொண்டது எனலாம்.

அக்குழுவில் ஐந்தாமவர் ஒருவர் உண்டு. அவர் மேபல் பியூர்ஃபாய் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் பெண்மணி. அவர் சிகரத்தில் தங்காமல், கொலராடோவின் சுரங்க ஊர்கள்தோறும் சென்று, வெவ்வேறு உயரங்களில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மக்களின் மூச்சையும் குருதியையும் அளந்தார். உயரம் சிறிதே கூடினாலும் உடல் அதற்கேற்பச் சிறிதே மாறுகின்றது என்பதை நிறுவியவர் அவரே. பெண் என்பதால் ஆக்ஸ்போர்டில் அவருக்கு அந்நாளில் பட்டம் மறுக்கப்பட்டிருந்தது. அப்பல்கலைக்கழகம் 1972-இல், அவருக்கு 100 வயது நிறைந்த ஆண்டில், மதிப்புறு பட்டம் வழங்கித் தன் கடனைத் தீர்த்துக்கொண்டது.

பைக்ஸ் சிகரத்தில் ஹால்டேன் கொண்ட ஒரு முடிவு பிழையாயிற்று. காற்றில் உயிர்வளி குறைந்த இடத்தில் நுரையீரல் தானே முயன்று உயிர்வளியைக் குருதிக்குள் தள்ளுகின்றது என்று அவர் கருதினார். கேம்பிரிட்ஜ் அறிஞர் பார்கிராஃப்ட் இதனை மறுத்தார். 1920-இல் உயிர்வளி குறைக்கப்பட்ட கண்ணாடி அறையில் ஆறு நாள் இருந்து, தம் மணிக்கட்டின் நாடிக் குழாயைத் திறந்து குருதி எடுத்து அளந்தார். பின்னர்ப் பெரு நாட்டு மலைகளிலும் ஆய்ந்தார். உயிர்வளி தானே பரவிச் செல்கின்றதேயன்றி எதுவும் அதனைத் தள்ளவில்லை என்பதே உண்மை. ஹால்டேன் இறுதிவரை இதனை ஒப்பவில்லை. அளந்து கண்டதை ஏற்பதே அறிவு என்று பிறருக்குக் காட்டியவர் இவ்வொன்றில் தம் கருத்தின்மேல் வைத்த பற்றை விட இயலவில்லை. எனினும் மலையுச்சியில் உடல் பழகிக்கொள்ளும் என்ற அவர் கூற்றுப் பொய்க்கவில்லை. 1978-இல் மெஸ்னரும் ஹேபெலரும் உயிர்வளிக் கலமின்றியே எவரெஸ்டின் முடியில் நின்றனர்.

1915-ஆம் ஆண்டு ஏப்பிரல் 22-ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் செருமானியர் நச்சுக்காற்றை ஏவினர். பல்லாயிரவர் மூச்சுத் திணறிச் சாய்ந்தனர். அரசு ஹால்டேனை உடனே போர்முனைக்கு அனுப்பியது. அது குளோரின் வாயு என்பதை அவர் விரைவில் உறுதி செய்தார். அதன்பின் டக்ளஸும், போர்முனையில் இருந்து அழைக்கப்பட்ட மகனும் உடனிருக்க, கண்ணாடி அறைக்குள் குளோரினை விட்டு, முகமூடி அணிந்தும் அணியாமலும், சக்கரத்தைச் சுழற்றி உழைத்தும் சோதித்தார். ஓடவும் மண் வெட்டவும் வேண்டிய வீரனுக்கு, அமர்ந்திருப்பவனைக் காக்கும் முகமூடி போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதே நாள்களில் அவருடைய தமையனாரைச் செருமானியரின் நண்பர் என்று செய்தித்தாள்கள் தூற்றின. 1915 மே மாதத்தில் அவர் பதவியிழந்தார். தம்பியோ நஞ்சு தோய்ந்த நுரையீரலோடு உழைத்துக்கொண்டிருந்தார். குளோரினால் நலிந்த வீரர்களுக்கு உயிர்வளியை வீணாக்காமல் இடைவிடாது அளிக்கும் கருவி ஒன்றையும் வகுத்து, 1917-இல் அதனை வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் உயிர்வளி மருந்தாகும் முறைக்கு அவர் முன்னோடி.

முதுமையிலும் அவர் சுரங்கத்தை மறக்கவில்லை. வெப்பச் சுரங்கங்களில் உழைப்போர் வியர்வை பெருக்கி, நிறைய நீர் குடித்தும், தசைகள் இழுத்துப் பிடிக்க வருந்துவர். நீர் போதாமையால் அன்று, வியர்வையோடு உப்பு வெளியேறியபின் வெறும் நீரையே குடிப்பதால் அந்நோய் எழுகின்றது என்று 1920-களில் ஆராய்ச்சி காட்டியது. ஹால்டேன் அதனை விளக்கி எழுதினார். சிறிது உப்பு இட்ட நீர் அவ்வலியைத் தடுத்தது. வயலில் உழைக்கும் நம் மக்கள் உப்பிட்ட நீராகாரமும் மோரும் பருகிவரும் வழக்கத்திற்கு நல்ல காரணம் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

1897-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரான அவருக்கு, அச்சங்கத்தின் தலைசிறந்த பரிசாகிய காப்ளி பதக்கம் 1934-இல் வழங்கப்பட்டது. சுரங்கத்திலும் கடலிலும் அவருடன் இறங்கிய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன், மரபியலில் பெரும்புகழ் பெற்று, 1957-இல் இந்தியாவிற்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

தந்தையின் இறுதிப் பயணமும் கிழக்கு நோக்கியதே. பாரசீகத்து எண்ணெய்த் தொழிற்சாலைகளில் தொழிலாளர் வெப்பம் தாக்கி வீழ்வதாகச் செய்தி வந்தது. 75 வயது முதியவர் அதன் காரணத்தை நேரிற் காணப் புறப்பட்டுச் சென்றார். வேண்டியவற்றை ஆய்ந்து ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். திரும்பிய சின்னாளில் நுரையீரல் அழற்சி கண்டது. 1936-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் நாள் கழிந்து 15-ஆம் நாள் பிறக்கும் நள்ளிரவில் அவர் மூச்சு நின்றது.